பிரபாவதியின் பெருவிரலும் படி நகர்த்தும் புரதமும்

தலைமை நாற்காலியைத் தகுதியால் நிறைத்து அமர்ந்திருக்கும் விசைத்தறி நெசவாளர் நலச் சங்கத் தலைவர் ஐயா தணிகாசலம் அவர்களே, நாடி பிடிக்கும்போதே நம்பிக்கையையும் பிடித்துக் கையில் கொடுத்துவிடும் மருத்துவர் தேவிப்பிரியா அவர்களே, ஆர்.கே.பேட்டை டவுன் பஸ்ஸில் நின்றபடியே வந்து, இங்கேயாவது உட்கார இடம் கிடைத்ததே என்று உட்கார்ந்திருக்கும் தறிக்கூடத்து அண்ணன்மார்களே. திருவாலங்காட்டுக் கரும்பில் கைவைத்துவிட்டு, கழுவிய கையோடு வந்திருக்கும் விவசாயப் பெருமக்களே. அறுந்த இழையையும் அறுந்த உறவையும் ஒரே பொறுமையோடு முடிபோடத் தெரிந்த தாய்மார்களே. மணவூரில் ரயிலேறி, விடுமுறை நாளிலும் வகுப்பெடுக்கிறாளே என்று என்னைத் திட்டிக்கொண்டே வந்திருக்கும் என் மாணவிகளே. பின்வரிசையில் நின்றபடி சமையற்கட்டுப் பக்கம் ஒரு கண்ணும் மேடைப் பக்கம் அரைக் கண்ணும் வைத்திருக்கும் நண்பர்களே, சாம்பார் வாசனை எனக்கும் வருகிறது, சீக்கிரம் முடித்துவிடுவேன். தணிகை மலை பார்த்திருக்க, உங்கள் அனைவரையும் இரு கை கூப்பி வணங்குகிறேன்.

என் பெயர் மோகனப்ரியா. கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்துகிறேன். ஆர்.கே.பேட்டையில் எங்கள் நைனா ஆறு தறியோடு தொடங்கிய கூடம், இன்று என் அண்ணன் அருள்முருகன் கையில் பன்னிரண்டு தறியாக ஓடுகிறது. அந்த இரைச்சலில் படித்துத்தான் நான் தேர்ச்சி பெற்றேன். அதனால்தான் எனக்கு இவ்வளவு பெரிய குரல், மைக் வைத்த தம்பி தயவுசெய்து மன்னிக்கவும்.

அழைப்பிதழைப் பார்த்திருப்பீர்கள். 'பாக்டீரியப் புரத உற்பத்தியில் நீட்சிக் காரணிகளின் பங்கு.' போன வாரம் தலைவர் ஐயா எனக்குப் போன் செய்தார். "ஏம்மா ப்ரியா, இந்தத் தலைப்பு நோட்டீஸ்ல ஒரு வரியில நிக்க மாட்டேங்குதும்மா. பிரஸ்காரன் இது யாரு ஊட்டுக் கல்யாணம்னு கேட்டுகினு இருக்கான்" என்றார். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் நான் இங்கே பேச வந்திருப்பது ஒரு பெருவிரலைப் பற்றி. என் அண்ணன் மனைவி பிரபாவதியின் வலது கைப் பெருவிரல். ஆந்திர எல்லையோர வீடு எங்களுடையது, அண்ணியை வதினா என்றுதான் அழைப்போம். அந்த வதினாவின் பெருவிரல் போகவிருந்தது. போகவைக்கப் பார்த்தவள் யார் தெரியுமா? இந்த மேடையில் நின்று பேசிக்கொண்டிருப்பவள்தான்.

பெருவிரல் என்றால் என்ன? தெரியாதவர்க்கு அது ஐந்தில் ஒன்று. தறிக்காரிக்கு அதுதான் பிழைப்பு. பாவு இழை அறுந்தால் தறியை நிறுத்தி, இரண்டு முனையையும் பிடித்து, பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஒரு முடிச்சு. கண்மூடித் திறப்பதற்குள் போட்டுவிட்டுத் தறியை ஓட்டவேண்டும். எங்கள் கூடத்தில் வதினாவின் முடிச்சைத் துணியில் தேடிக் கண்டுபிடித்தவர் இல்லை. அந்த விரல் வீங்கிய கதையைச் சொல்வதற்கு முன்னால், கிருமி எப்படி வளர்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். பயப்படாதீர்கள். திருத்தணிக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பதைப் போல எளிதான வேலை உலகத்தில் வேறு இல்லை. ஏன்? உங்கள் ஊரில்தான் படித் திருவிழா நடக்கிறது.

வருடத்தின் கடைசி நாள். மலைக்கு முந்நூற்று அறுபத்தைந்து படி. பஜனைக் குழு முதல் படியில் நிற்கும். மஞ்சள் குங்குமத் தட்டு வரும். படிக்கு மஞ்சள் பூசி, பொட்டிட்டு, கற்பூரம் காட்டி, ஒரு பாட்டுப் பாடி முடிப்பார்கள். முடிந்த பிறகுதான் அடுத்த படி. தாவ முடியுமா? முடியாது. இரண்டு படிக்கு ஒரே பாட்டு என்று சுருக்க முடியுமா? அதுவும் முடியாது. ஒரு படி, ஒரு தட்டு, ஒரு பாட்டு, ஒரு நகர்வு. கிருமிக்குள்ளும் இதே ஒழுங்குதான் நடக்கிறது.

கிருமி உயிர்வாழ அதற்குப் புரதம் வேண்டும். புரதம் என்பது அமினோ அமிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த சரம். எந்த அமிலத்துக்குப் பிறகு எது என்று எழுதிய ஓலை ஒன்று உண்டு. அதற்குத் தூது ஆர்.என்.ஏ. என்று பெயர். அதில் மூன்று எழுத்து சேர்ந்தால் ஒரு படி. அந்தப் படிகளில் ஏறிப்போகும் பஜனைக் குழுதான் ரைபோசோம். குழு தானாக ஏறாது. தட்டு கொண்டுவர ஆள் வேண்டும், 'நகருங்க நகருங்க' என்று நகர்த்தி விட ஆள் வேண்டும். சரம் நீள நீள உதவும் அந்த ஆட்கள்தான் நீட்சிக் காரணிகள். அவர்களும் புரதங்களே.

முதல் ஆள் ஈஎஃப்-டியு. அமினோ அமிலத்தைச் சுமந்துகொண்டு ஓடிவருபவர். கொண்டுவந்ததை உடனே கொடுத்துவிட மாட்டார். இந்தப் படிக்கு உரியதுதானா என்று பொருத்திப் பார்ப்பார். பொருந்தினால் கையிலிருக்கும் ஜிடிபி என்ற எரிபொருளைச் செலவழித்துவிட்டு, ஒப்படைத்து விலகுவார். பொருந்தாவிட்டால் கொண்டுவந்ததோடு திரும்பிவிடுவார். ஆயிரக்கணக்கில் ஒரு முறைதான் தவறு நேரும். நம் கல்யாணப் பந்தியில் இலை விட்டு இலை பாயசம் மாறிப்போகும் கணக்கைப் பார்த்தால் இது பெரிய சாதனை. குடலில் வாழும் சாதாரண பாக்டீரியத்தை எடுத்து எண்ணினால், அதற்குள் மிக அதிகமாக இருக்கும் புரதங்களில் இந்த ஈஎஃப்-டியு ஒன்று. சுமப்பவர்கள்தானே எங்கும் அதிகம்?

எரிபொருள் தீர்ந்த கையோடு நிற்கும் அவரிடமிருந்து பழைய சக்கையை வாங்கிக் கீழே போட்டு, புதிதாக நிரப்பிக்கொள்ள வழிசெய்து திரும்ப அனுப்பும் இன்னொருவர் உண்டு. ஈஎஃப்-டிஎஸ். பெயர் அழைப்பிதழில் வராது, மாலை விழாது, ஆனால் அவர் இல்லாவிட்டால் விழா நின்றுவிடும். இந்த மண்டபத்தில் காலையிலிருந்து நாற்காலி போட்ட பெண்களை நினைத்துக்கொள்கிறேன். கைதட்டல் அவர்களுக்குத்தான், எனக்கு வேண்டாம்.

மூன்றாமவர் ஈஎஃப்-ஜி. தட்டு வந்தது, மஞ்சள் பூசியாயிற்று, பாட்டும் முடிந்தது. இப்போது குழு நகர வேண்டும். ஈஎஃப்-ஜி உள்ளே நுழைந்து, சரியாக மூன்று எழுத்து, ஒரே ஒரு படி, குழுவை நகர்த்திவிட்டு, தான் விலகி இறங்கிவிட வேண்டும். அவர் விலகினால்தான் அடுத்த தட்டு வர இடம் கிடைக்கும். இதெல்லாம் எவ்வளவு வேகத்தில் நடக்கிறது? நாம் காலையில் தொடங்கினால் பொழுது சாயும்வரை ஏறும் முந்நூற்று அறுபத்தைந்து படியையும், நல்ல சோறு கிடைத்த கிருமி அரை நிமிடத்துக்குள் ஏறிவிடும்.

என்ன, பக்கத்துத் தறிக்கூடத்துத் துளசிங்கம் அண்ணா, கையைத் தூக்குகிறீர்கள்? எல்லோருக்கும் கேட்கட்டும், நானே சொல்கிறேன். "கிருமி இவ்ளோ கஷ்டப்பட்டு வேலை செய்யுதே, அதுக்குப் போயி ஏம்மா மருந்து போட்டுகினு?" என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. கிருமி அதன் பிழைப்பைப் பார்க்கிறது, நாம் நம் பிழைப்பைப் பார்க்கிறோம். ஆனால் அது ஏறும் படி வதினாவின் பெருவிரலாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான்.

கிருமியை நிறுத்த ஒரு வழி, அந்த ஈஎஃப்-ஜியைப் படியிலேயே ஒட்டவைத்துவிடுவது. பியூசிடிக் அமிலம் என்றொரு மருந்து அதைத்தான் செய்கிறது. ஈஎஃப்-ஜி வந்து குழுவை நகர்த்தும்வரை காத்திருக்கும். நகர்த்தியவுடன் அவரை இறங்கவிடாமல் அங்கேயே பிடித்து வைத்துவிடும். நகர்த்த வந்தவரே வழியை அடைத்துக்கொண்டு நிற்பார். பின்னால் வரும் தட்டுகளுக்கு இடமில்லை. சரம் நீளாது, கிருமி பெருகாது. அழகான மருந்து. பூசிக்கொள்ளும் களிம்பாகக் கிடைக்கிறது. என் முனைவர் பட்டத்துக்கு நான்கு வருடம் இந்த ஈஎஃப்-ஜியைத்தான் ஆராய்ந்தேன். இந்த மருந்து அதை எங்கே பிடிக்கும், ஒட்டாமல் போக அது எந்த எழுத்தை மாற்றிக்கொள்ளும், எல்லாம் எனக்கு மனப்பாடம். அப்படிப்பட்ட அறிவாளி என்ன செய்தேன் என்று கேளுங்கள்.

போன வருடத்துக்கு முந்தைய வருடம் ஆயுத பூஜைக்கு ஊருக்குப் போனேன். அண்ணன் கூடத்தில் எல்லோர் கையிலும் சின்னச் சின்ன வெட்டு. அச்சுக் கம்பி கிழித்தது, தறியில் குறுக்கே பாயும் நாடா அடித்தது. மனது கேட்கவில்லை. ஒரு டஜன் களிம்பு வாங்கிவந்து, ஒன்றைக் கயிற்றில் கட்டி, மூன்றாம் தறிக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினேன். "அடிபட்டா ஓடனே தடவுங்க" என்றேன். எத்தனை நாள் என்று சொன்னேனா? இல்லை. ஆளுக்கொன்று என்று கொடுத்தேனா? இல்லை. மருத்துவரைக் கேட்டேனா? நான்தான் டாக்டர் மோகனப்ரியாவாயிற்றே, யாரைக் கேட்கப் போகிறேன்?

பதினான்கு பேர், ஒரே டியூப். வெட்டுப்பட்ட விரலால் டியூபின் வாயைத் தொட்டுத் தடவுவார்கள். வலி நின்றதும் விட்டுவிடுவார்கள். இரண்டு நாள் ஒருவர், ஒரு நாள் ஒருவர், கொசு கடித்ததற்கு ஒருவர். டஜனும் தீர்ந்தபின் அதே பெயரைச் சொல்லிக் கடையில் வாங்கி அதே ஆணியில் மாட்டுவார்கள். அதற்குப் பெயரே 'ப்ரியா மருந்து' ஆகி, பக்கத்துக் கூடங்களுக்கும் பரவிவிட்டது. அடுத்த ஆயுத பூஜைக்குப் போனால், துடைத்துச் சந்தனம் வைத்த நாடாவுக்கும் கத்தரிக்கோலுக்கும் நடுவில் அந்த டியூபும் உட்கார்ந்திருக்கிறது, நெற்றியில் ஒரு குங்குமப் பொட்டோடு. உழைக்கிற சாமானுக்கெல்லாம் பொட்டு வைக்கும் நம் வழக்கம். அதுவும் உழைத்ததே என்று வைத்திருக்கிறார்கள். நான் என்ன செய்தேன்? போட்டோ எடுத்துக் கல்லூரித் தோழிகளுக்கு அனுப்பிச் சிரித்தேன். ஓராண்டாக ஒரே மருந்து அரைகுறையாகத் தடவப்படுகிறது என்பதற்குச் சாட்சி என் கண்ணெதிரே பொட்டு வைத்துக்கொண்டு இருந்தது. எனக்கு உறைக்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

இரண்டரை மாதம் கழித்துப் படித் திருவிழா. வதினாவும் நானும் குழுவோடு ஏறுகிறோம். மஞ்சள் தட்டு அவர் கையில். பெருவிரலில் துணி சுற்றியிருந்தது. கேட்டதற்கு, கம்பி குத்திவிட்டது என்றார். இருநூறாவது படி தாண்டியிருக்கும். தட்டு அவர் கையிலிருந்து நழுவிவிட்டது. மஞ்சளும் குங்குமமும் நாலைந்து படிக்குச் சிதறின. பாட்டு நின்றது. முன்னால் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், பின்னால் வந்தவர்கள் அப்படியே நின்றார்கள். நான் துணியைப் பிரித்தேன். விரல் இரண்டு மடங்கு வீங்கி, தோல் பளபளத்து, மணிக்கட்டு வரைக்கும் ஒரு சிவப்புக் கோடு ஓடியிருந்தது.

"எத்தினி நாளா வதினா இப்படி?" என்றேன்.

"பத்து நாளாச்சு. ஒன்னுமில்ல ப்ரியா, ஒன் மருந்துதான் தடவிகினு இருக்கேன்" என்றார்.

அவர் என்னைக் குறை சொல்லவில்லை. என்னை நம்பியதைச் சொன்னார். குறை சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அன்றைக்கே மருத்துவர் தேவிப்பிரியாவிடம் கொண்டுபோனோம். சீழை வெளியே எடுத்தார், ஊசி மருந்து ஏற்றினார், சீழைப் பரிசோதனைக்கு அனுப்பினார். வெளியே வந்து அண்ணனிடம் சொன்னார், "எலும்புக்குப் போயிருந்தா விரலோட மேல்கணுவ எடுக்க வேண்டி வரும். மூணு நாள்ல தெரிஞ்சிடும்." என் அண்ணன் பன்னிரண்டு தறியின் இரைச்சலுக்கு மேலே கத்திப் பேசும் ஆள். அன்று, "எடுத்துட்டா அவ முடிச்சு எப்பிடிங்க போடுவா?" என்று கேட்டது பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் காதில் விழவில்லை.

மூன்றாம் நாள் அறிக்கை வந்தது. ஸ்டாஃபிலோகாக்கஸ் என்னும் கிருமி. எந்த மருந்துக்கு அடங்கும், எதற்கு அடங்காது என்று பட்டியல். அடங்காத பட்டியலில் பியூசிடிக் அமிலம். மருத்துவர் கேட்டார், "இந்தக் களிம்ப இவங்க எங்க இருந்து புடிச்சாங்க?" நான் கையைத் தூக்கினேன். வகுப்பில் தப்பான விடை சொன்ன பிள்ளை தூக்குவதைப் போல.

என்ன நடந்தது? அந்தக் கிருமி தன் ஈஎஃப்-ஜியில் ஒரே ஓர் இடத்தை மாற்றிக்கொண்டிருந்தது. இதோ உட்கார்ந்திருக்கிறார்களே ஷாலினி, கவிதா, என் மாணவிகள், இவர்கள்தான் அந்த மரபணுவைச் சென்னைக்கு அனுப்பிப் படித்துச் சொன்னார்கள். ஓர் எழுத்து மாறியிருந்தது. அதனால் களிம்பு பிடிக்கப் பிடிக்க, ஈஎஃப்-ஜி வழுக்கிக்கொண்டு இறங்கிவிடுகிறது. அரைகுறையாகத் தடவித் தடவி, அடங்கும் கிருமிகளையெல்லாம் நாம் அழித்து, அடங்காத அந்த ஒன்றுக்குப் பந்தல் போட்டு இடம் கொடுத்திருக்கிறோம். கூடத்தில் பதினான்கு பேரின் மூக்கையும் விரலையும் பஞ்சால் தொட்டுப் பார்த்தோம். ஒன்பது பேரிடம் அதே கிருமி.

அய்யோ என்று உச்சுக் கொட்டாதீர்கள் அம்மா. இனிமேல்தான் நல்ல சேதி.

அறிக்கையில் அடங்கும் பட்டியலும் இருந்ததல்லவா? அதில் டாக்ஸிசைக்ளின் என்றொரு மாத்திரை. அது ஈஎஃப்-ஜி பக்கமே போகாது. ஈஎஃப்-டியு தட்டை வைக்கும் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அவர் கொண்டுவருவார், எரிபொருளைச் செலவழிப்பார், வைக்க இடமிருக்காது. மறுபடி வருவார், மறுபடி செலவு, மறுபடி ஏமாற்றம். ஒரு காரணி மாறிவிட்டதா, இன்னொரு காரணியின் வேலையைக் கெடு. கிருமியைத் தொட ஒரு கதவு மூடினால் வேறு எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று காட்டுவதற்குத்தான் ஐயா, நோட்டீஸில் ஒரு வரியில் நிற்காத அந்தப் படிப்பு. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: அது வதினாவுக்கு, அந்த அறிக்கைக்கு, மருத்துவர் எழுதிய மாத்திரை. நாளைக் காலையில் யாராவது கடையில் போய் 'ப்ரியா மாத்திரை' என்று கேட்டீர்களானால் நான் ஊருக்கே வரமாட்டேன்.

இன்னொரு நல்ல சேதி. அந்தக் கிருமி ஈஎஃப்-ஜியை மாற்றிக்கொண்டது இலவசமாக அல்ல. களிம்பிடமிருந்து தப்பியது, ஆனால் நகர்த்தும் வேலையில் மந்தமாகிவிட்டது. என் மாணவிகள் மாறாத கிருமியையும் மாறிய கிருமியையும் மருந்தே இல்லாமல் பக்கத்தில் பக்கத்தில் வளர்த்தார்கள். மாறியது பின்தங்கியது. எல்லாக் கிருமியும் இப்படித் தோற்காது. சில, நாளாவட்டத்தில் அந்தக் குறையையும் சரிசெய்துகொள்ளும். ஆனால் எங்கள் கூடத்துக் கிருமிக்கு அவகாசம் கொடுக்காமல் ஆணியிலிருந்து டியூபைக் கழற்றினோம். சோப்பும் குழாயும் வைத்தோம். வெட்டுக்கு ஆளுக்கொரு புதுக் கட்டு. வீக்கம் வந்தால் அன்றே மருத்துவர். ஐந்து மாதம் கழித்து மறுபடி பஞ்சால் தொட்டுப் பார்த்தோம். ஒன்பது பேர் இரண்டு பேராகக் குறைந்திருந்தார்கள்.

மறுபடி துளசிங்கம் அண்ணன். "அப்போ அந்த டியூபத் தூக்கிப் போட்டுட்றதா?" என்கிறார். ஏன் அண்ணா, உங்களிடம் இருக்கிறதா? "என் பாக்கெட்லயே கீதும்மா." பார்த்தீர்களா? பொட்டு இருக்கிறதா அதில்? இருக்கிறதாம். அண்ணா, மேலே வாருங்கள். குப்பையில் போடாதீர்கள், மருந்து குற்றவாளி இல்லை. மருத்துவர் இந்த விரலுக்கு, இத்தனை நாளைக்கு என்று சொன்னால் அது இன்றும் நல்ல மருந்துதான். இப்போதைக்கு மருத்துவர் மேசை மேல் வையுங்கள். ஆங், அப்படித்தான். உங்களுக்குப் பின்னாலேயே இன்னும் நாலு பேர் பாக்கெட்டைத் தடவுகிறார்களே, வாருங்கள், வெட்கப்படாதீர்கள், மாட்டியவளே மேடையில் நிற்கிறாள்.

சரி, பெருவிரல் என்ன ஆயிற்று என்று தாய்மார்கள் கண்ணாலேயே கேட்கிறீர்கள். எலும்புக்குப் போகவில்லை. நகம் போயிற்று, விரல் தங்கிற்று. ஆனால் மடங்கவில்லை. ஏழு வாரம் வதினா தறிப் பக்கம் வரவில்லை. வீட்டில் உட்கார்ந்து மிச்ச நூலை அறுப்பார், முடிபோடப் பார்ப்பார், நழுவும். மறுபடி எடுப்பார். ஒரு நாள் நான் பார்த்து அழுதுவிட்டேன். "நீ ஏன் அழுதுகினு இருக்க? நூலு அறுந்தா அழுவோமா, முடிதானே போடுவோம்" என்றார். மார்ச் மாதம் மூன்றாம் தறியில் ஓர் இழை அறுந்தது. மற்றவர் ஓடிவருவதற்குள் வதினா போய் முடிச்சுப் போட்டுவிட்டார். நேரமாயிற்று, அதுவரை தறி நின்றது. பிறகு தறி ஓடியது.

பெருமக்களே, கூட்டம் தொடங்கியபோது தலைவர் ஐயா எனக்கு ஒரு துண்டு போர்த்தினார். இதுதான் அது. எங்கே நெய்தது என்று நான் அப்போது கேட்கவில்லை. பேசிக்கொண்டே ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தேன். விரலில் ஏதோ தட்டுகிறது. இதோ, இந்த ஓரத்தில், ஒரு முடிச்சு. பெரிய முடிச்சு. அழகில்லாத முடிச்சு. எந்தத் தறிக்காரியும் துணியில் விட்டுவைக்க வெட்கப்படும் முடிச்சு. யாரும் தேடிக் கண்டுபிடிக்க முடியாதபடி முடிபோட்ட கையின் முடிச்சு இது. மூன்றாம் தறித் துணிதானே வதினா? நீங்கள்தானே ஐயாவிடம் கொடுத்து அனுப்பினீர்கள்? எழுந்து நில்லுங்கள், எல்லோரும் பார்க்கட்டும். தலையைத்தான் ஆட்டுகிறார். கையைத் தூக்குங்கள் வதினா. அந்தக் கையை.

பார்த்தீர்களா அந்தப் பெருவிரலை? நகம் பாதி முளைத்திருக்கிறது. அது ஒரு படி. மடங்குகிறது, அது ஒரு படி. ஒன்பது இரண்டானது, அது ஒரு படி. ஐந்து டியூப் மேசைக்கு வந்தது, அது ஒரு படி. யாரும் தாவவில்லை, தட்டு வந்தது, சரிபார்த்தோம், நகர்ந்தோம். கண்ணுக்குத் தெரியாத கிருமிக்கு இந்தப் பொறுமை தெரியுமென்றால், படிக்கு ஒரு பாட்டுப் பாடி மலையேறும் நமக்குத் தெரியாதா?

வதினா ஏதோ சொல்கிறார், மைக்கை அங்கே கொண்டுபோங்கள் தம்பி. வேண்டாமாம், நானே சொல்லவேண்டுமாம்.

"அந்த முடியக் கத்திரிச்சிடாத ப்ரியா. அப்பிடியே இருக்கட்டும்."

கத்தரிக்க மாட்டேன் வதினா. வகுப்பில் ஈஎஃப்-ஜி நடத்தும் நாளெல்லாம் இதைத்தான் போர்த்திக்கொண்டு போவேன்.

பேசவிட்ட தலைவருக்கும், விரலைக் காத்த மருத்துவருக்கும், பாக்கெட்டைக் காலி செய்த துளசிங்கம் அண்ணனுக்கும், சாம்பார் ஆறும்வரை பொறுத்த உங்கள் எல்லோருக்கும் என் நன்றி. பந்திக்குப் போகும் வழியில் குழாயடியில் சோப்பு வைத்திருக்கிறேன். கை கழுவிவிட்டு உட்காருங்கள். வணக்கம்.